சிவப்பு விளக்கு எரிகிறதா?

கும்பகோணத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழுதியிருந்தார். 1996 மாடல் அம்பாசடர் வைத்திருக்கிறார். இரண்டு வருடத்தில் இது மூன்றாவது பேட்டரி. டைனமோவைக் கழற்றி இரண்டு தடவை கார்பன் மாற்றியாகிவிட்டது. ‘திருச்சி போய் வந்தால் ஒரு வாரத்துக்கு செல்ஃப் ஜோராக எடுக்கிறது. ஊருக்குள்ளேயே ஓட்டினால் நாலாம் நாள் வண்டியைத் தள்ள ஆள் தேட வேண்டியிருக்கிறது. பட்டறையில் மீட்டர் வைத்தால் சரியாக 14 வோல்ட் காட்டுகிறது. டேஷ்போர்டில் சார்ஜ் விளக்கும் எரியவில்லை. அப்புறம் என்னதான் கோளாறு?’

இங்கே பட்டறைகளில் டைனமோ என்று சொல்வது ஆல்டர்நேட்டரைத்தான். நிஜமான டைனமோ, இன்ஜின் ஐட்லிங்கில் நிற்கும்போது சார்ஜ் கொடுக்காது. சிலிக்கான் டயோடு வந்த பிறகு அமெரிக்காவில் கிரைஸ்லர் நிறுவனம் 1960இல் தன் வேலியன்ட் காரில் ஆல்டர்நேட்டரைப் பொருத்தி விற்றது. மெல்ல மெல்ல எல்லாக் கார்களும் அதற்கு மாறின. நம் ஊரில் பெயர் மட்டும் பழையபடியே தங்கிவிட்டது. இருக்கட்டும்.

கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்தக் கடைசி வரிக்கு முந்தைய வரி. போன் செய்து கேட்டேன்: “சார், இன்ஜினை ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் திருப்பினால் அந்தச் சிவப்பு விளக்கு எரிகிறதா?”

“இல்லையே தம்பி. அது எரிந்தே ரொம்ப நாளாச்சு. எரியாமலிருப்பது நல்லதுதானே?”

அங்கேதான் எல்லாம் இருக்கிறது.

என் பாட்டி வீட்டுக் கொல்லையில் ஒரு அடிபம்பு இருந்தது. ராத்திரி முழுக்கச் சும்மா கிடந்தால் உள்ளேயிருக்கும் தோல் வாஷர் காய்ந்துவிடும். காலையில் எவ்வளவு அடித்தாலும் காற்றுதான் வரும். மேலே ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி, வாஷர் ஊறியதும் நாலு அடி அடித்தால் போதும், பிறகு குடம் குடமாகக் கொட்டும். அதனால் கடைசியாகத் தண்ணீர் அடித்தவர் அந்தப் பித்தளைச் சொம்பை நிரப்பி, பம்பு மேடையில் வைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். பாட்டி இதில் யாருக்கும் விலக்குத் தந்ததில்லை.

ஆல்டர்நேட்டருக்கும் அப்படி ஒரு சொம்பு தேவை. அதன் நடுவே சுழல்வது நிரந்தரக் காந்தம் அல்ல, இரும்பின் மேல் சுற்றிய கம்பிச் சுருள். மின்சாரம் பாய்ந்தால்தான் அது காந்தமாகும். காந்தமானால்தான் மின்சாரம் பிறக்கும். முதல் துளியை யார் கொடுப்பது? பழைய கார்கள் பலவற்றில் பேட்டரியிலிருந்து புறப்படும் அந்த முதல் துளி, டேஷ்போர்டின் சிவப்பு பல்பு வழியாகத்தான் சுருளுக்குப் போய்ச் சேர்கிறது. 2.2 வாட் பல்பு என்றால் 0.18 ஆம்பியர். அவ்வளவே போதும். இன்ஜின் ஓடத் தொடங்கியதும் ஆல்டர்நேட்டர் தனக்கு வேண்டியதைத் தானே எடுத்துக்கொள்ளும். அப்போது பல்பின் இரண்டு பக்கமும் வோல்ட் சமமாகிவிடும். வாய்க்காலின் இரு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நின்றால் ஓட்டம் ஏது? விளக்கு அணைகிறது. யாரும் அதை அணைப்பதில்லை. எச்சரிக்கை விளக்கு என்று நாம் நினைக்கும் ஒன்று, சார்ஜைத் தொடங்கிவைக்கும் வேலையையும் சேர்த்துப் பார்க்கிறது. இத்தனை சிக்கனமான ஏற்பாட்டை யோசித்தவர்களை நினைத்து நான் பலமுறை வியந்திருக்கிறேன்.

பல்பு ஃபியூஸ் ஆனால் சொம்பு காலி. ஆனாலும் சுருளுக்குள் இருக்கும் இரும்பில் கொஞ்சம் காந்தம் எப்போதும் எஞ்சியிருக்கும். இன்ஜினை உறுமவிட்டால் அந்த எச்சமே ஆல்டர்நேட்டரை எழுப்பிவிடும்; ஒருமுறை விழித்துவிட்டால் இன்ஜினை நிறுத்தும்வரை சார்ஜ் ஆகும். திருச்சி ரோட்டில் நடப்பது இதுதான். பட்டறையில் ஆக்ஸிலேட்டரை அழுத்திவிட்டு மீட்டர் வைக்கும்போது நடப்பதும் இதுதான். மகாமகக் குளத்தைச் சுற்றி இரண்டாம் கியரில் போகிற வண்டியில் ஆல்டர்நேட்டர் தூங்கிக்கொண்டே சுற்றுகிறது. முழு சார்ஜில் 12.6 வோல்ட் காட்ட வேண்டிய பேட்டரி 12க்குக் கீழே இறங்கி நாள்கணக்கில் கிடந்தால், ஈயத் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். பிறகு எந்தச் சார்ஜும் ஏறாது.

ஒரு சிறிய பல்புக்காக இரண்டு பேட்டரிகள் போய்விட்டன. அழகுக்காக டேஷ்போர்டு விளக்குகளையெல்லாம் எல்.இ.டி.யாக மாற்றுகிறவர்களுக்கும் இதே தொல்லை வரலாம், எல்.இ.டி. விடுகிற மின்சாரம் மிகக் குறைவு. (சில வண்டிகளில் பல்போடு ஒரு ரெசிஸ்டரும் இருக்கும், அவை தப்பித்துக்கொள்ளும்.) தூக்கிப்போட்ட பேட்டரியின் ஈயம் ஒழுங்கான ஆலைக்குப் போனால் சரி. குடியிருப்புக்கு நடுவே திறந்த அடுப்பில் உருக்கினால் அந்தப் புகை குழந்தைகளின் ரத்தத்தில்தான் ஏறும். பேட்டரியை மாற்றச் சொல்கிறவர்கள் அதற்கு முன்னால் சாவியை ஒருமுறை திருப்பிப் பார்க்கக் கூடாதா?

பட்டறைகளின் இன்னொரு பழக்கத்தைப் பார்த்தால் எனக்கு உண்மையாகவே வலிக்கிறது. இன்ஜின் ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றி, ‘வண்டி நிற்கவில்லை, டைனமோ ஓகே’ என்பது. கழற்றிய நொடியில் வோல்ட் தாவி ஏறும். ஆல்டர்நேட்டரின் டயோடும் ரெகுலேட்டரும் அதில் கருகலாம். சோதித்துப் பார்க்கப் போய்ப் புதிதாக ஒரு கோளாறு. சாவியை எடுத்த பிறகும் சிவப்பு விளக்கு மங்கலாக எரிந்தால் ஒரு டயோடு போய்விட்டது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். அதைத் தெரிந்துகொள்ள எதையும் கழற்ற வேண்டாம்.

ஆசிரியர் பல்பை மாற்றிவிட்டுப் போன் செய்தார். பழைய பல்பில் இழை அறுந்து ஒரு ஓரமாகத் தொங்கியதாம். இப்போது சாவியைத் திருப்பினால் விளக்கு எரிகிறது, ஸ்டார்ட் ஆனதும் அணைகிறது, ஐட்லிங்கிலேயே 13.9 வோல்ட். ஹெட்லைட் போட்டால் மட்டும் 13.2க்கு இறங்குகிறது என்றார். லைட் எரியும்போது, பேட்டரியின் நெகட்டிவ் முனையில் ஒரு வயரும் ஆல்டர்நேட்டர் உடம்பில் இன்னொன்றுமாக மீட்டரை வைக்கச் சொன்னேன். 0.2க்கு மேல் காட்டக் கூடாது. அவருக்கு 0.7 காட்டியது.

“13.2உம் 0.7உம் 13.9. கணக்கு சரியாக வருதே தம்பி!” என்றார். கணக்கு வாத்தியாராம். இன்ஜின் நிற்பது ரப்பர் மவுண்டிங் மேல். பாடிக்கும் அதற்கும் மின்சாரப் பாலம் ஒரு எர்த் பட்டைதான்; அந்த 0.7 வோல்ட் தொலைவது அங்கேதான். போன வருடம் பெயின்ட் அடித்தவர்கள் அதன் போல்ட் மேலும் சேர்த்தே அடித்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அதைக் கழற்றி உப்புக்காகிதம் போட்டுத் தேய்க்கப் போகிறார்.