கூண்டுப் புலியும் மஞ்சட்கொழுப்பும்

மிருகக்காட்சிச்சாலையிலே கொழுத்து மினுமினுக்கும் புலியொன்றைக் கண்டால், வேட்டையாடும் அலைச்சலின்றி வேளைக்கு இறைச்சி கிடைக்கின்றதே, இதற்கென்ன குறை என்றே நாமும் நெடுநாள் எண்ணியிருந்தோம். ஆனால் நிறைந்த வயிற்றோடேயே வரும் நோயொன்று பூனைக் குலத்துக்கு உண்டு. தோலின் கீழும் வயிற்றினுள்ளும் உள்ள கொழுப்பிழையம் அழற்சியுற்று, தடித்து இறுகி, மஞ்சள் நிறம் பெறுவதால் இதனை மஞ்சட்கொழுப்பு நோய் என்பர்.

இதன் காரணத்தைக் காட்டித் தந்தவை புலிகளல்ல. வீட்டுப் பூனைக் குட்டிகளே. கடையில் விற்கும், தகரத்தில் அடைத்த பூனையுணவைக் குட்டிகளுக்கு ஊட்டி நோயை வருவித்த கோர்டி என்னும் ஆராய்ச்சியாளர், விற்றமின் ஈ கொடுத்தால் அது தடுக்கப்படுவதை 1954ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். சூரை போன்ற மீன்களின் கொழுப்பு எளிதில் ஒட்சிசனோடு சேர்ந்து கெடுவது. உண்ட விலங்கின் உடலிற் படிந்த பின்னும் அக்குணம் மாறுவதில்லை. அதனைக் கெடாது காப்பது விற்றமின் ஈ. அக்காவல் குறையும்போது கொழுப்புக் கலங்கள் சிதைகின்றன. சிதைவிற் பிறக்கும் நிறப்பொருளே அம்மஞ்சள். எப்போதாவது மீன்தலையொன்றைப் பூனைக்கு எறியும் தாய்மார் அஞ்ச வேண்டியதில்லை. அத்தகைய மீனே அன்றாட முழு உணவாவதுதான் ஆபத்து.

காட்டுப் புலிக்கு இயற்கையே காவல் வைத்திருக்கின்றது. மான் மேயும் பச்சைப் புல்லில் விற்றமின் ஈ உண்டு. அசைபோடும் விலங்குகளின் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் புல்லின் கொழுப்பை எளிதிற் கெடாத உறைகொழுப்பாக மாற்றிவிடுகின்றன. புலியோ தசையோடு ஈரலையும் விடாது தின்கின்றது. கூண்டிலே மீனும், நெடுநாட் குளிரில் வைத்துப் பழசான இறைச்சியுமே கிடைக்குமாயின் இவ்வேற்பாடெல்லாம் குலைந்துபோகும்.

நோயுற்ற வீட்டுப் பூனை தடவினால் அலறும், குதிக்க மறுக்கும், காய்ச்சலோடு உணவையும் வெறுக்கும். புலியை யார் தடவிப் பார்ப்பது? மயக்க மருந்து கொடுத்தாலன்றி வைத்தியர் கிட்ட நெருங்க இயலாது. வலியை மறைப்பதும் அவ்வினத்தின் இயல்பு. நேற்றுப் பாய்ந்து வந்த விலங்கு இன்று தயங்கித் தயங்கி எழுவதை உணவிடும் ஊழியன் கவனிக்கின்றானா என்பதிலேயே அதன் உயிர் தங்கியிருக்கின்றது.

மீனை நிறுத்தி, விற்றமின் ஈயோடு அழற்சி தணிக்கும் மருந்தும் அளிப்பர். குணமாக வாரங்கள், சிலபோது மாதங்கள் செல்லும். இதிலொரு வேடிக்கை, அப்படிச் சொல்லவும் மனம் வரவில்லை, மீனுக்குப் பழகிய பூனை வேறெதையும் தொட மறுத்து, நோய் தந்த உணவையே கேட்டுக் கிடக்கும். வீட்டுப் பூனையாயின் குழாய் வழியே ஊட்டி இடர் கடத்தலாம். புலிக்கு அதற்கும் மயக்க மருந்து வேண்டும்.