தக்காளிக்குத் தொழு உரமா, மூட்டை உரமா?

நாமகிரிப்பேட்டை வட்டாரத்தில் தக்காளி வைக்கும் விவசாயிகளிடம் இரண்டு கட்சி உண்டு. யூரியா போட்டால்தான் காய்க்கும் என்பார் ஒருவர். மூட்டை உரம் போட்டால் மண் செத்துவிடும் என்பார் இன்னொருவர். இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது.

தொழு உரம் என்ன செய்யும்?

10 டன் மக்கிய தொழு உரத்தில் ஏறக்குறைய 50 கிலோ தழைச்சத்து இருக்கும். ஆனால் அதில் ஒரு பகுதிதான் முதல் பயிருக்குக் கிடைக்கும். மீதி மெதுவாகவே கரையும். பூவும் பிஞ்சுமாக இருக்கும்போது தக்காளிக்கு வேண்டிய வேகத்தில் அது சத்துக் கொடுக்காது. அதன் பலன் வேறு: செம்மண்ணில் ஈரம் நிற்கும், வேர் ஆழமாக ஓடும், இட்ட உரம் வீணாகாது.

மூட்டை உரம் என்ன செய்யும்?

கேட்ட நேரத்தில் சத்துக் கொடுக்கும். ஆனால் யூரியா மிஞ்சினால் செடி கருகருவென்று தழைத்து, பூப்பது தள்ளிப்போகும். இளந்தழைக்கு வெள்ளை ஈ வரும். அதுதான் இலைச்சுருட்டை வைரஸைப் பரப்பும்.

கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் 1909 முதல் நிரந்தர உரப் பரிசோதனை வயல் இருக்கிறது. 1972-ல் தொடங்கிய நீண்டகால உரப் பரிசோதனையில் கேழ்வரகும் மக்காச்சோளமும் மாறி மாறிப் பயிரிடப்பட்டன. மூன்று சத்துகளையும் அளவோடு கொடுத்து, தொழு உரமும் சேர்த்த பாத்தியே அதிக விளைச்சல் தந்தது. பயிர் வேறானாலும் பாடம் தக்காளிக்கும் பொருந்தும்.

ஏக்கருக்கு எவ்வளவு? (பி.கே.எம்.1 போன்ற ரகங்களுக்கு)

அடியுரம்: மக்கிய தொழு உரம் 10 டன், யூரியா ஒன்றரை மூட்டை (45 கிலோ மூட்டை), சூப்பர் பாஸ்பேட் 5 மூட்டை (50 கிலோ மூட்டை), பொட்டாஷ் 33 கிலோ, துத்தநாக சல்பேட் 20 கிலோ, போராக்ஸ் 4 கிலோ. சூப்பரை மக்கிய எருவோடு கலந்து இட்டால் மணிச்சத்து மண்ணில் கட்டிக்கொள்வது குறையும்.

மேலுரம்: நட்ட 30-ம் நாள் யூரியா ஒன்றரை மூட்டை இட்டு, மண் அணைக்க வேண்டும்.

அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா தலா 800 கிராமை 20 கிலோ தொழு உரத்தில் கலந்து தனியாக இடவும். மூட்டை உரத்தோடு சேர்க்கக் கூடாது.

வீரிய ஒட்டு ரகங்களுக்கு இதைவிட அதிகம் தேவை. மண் பரிசோதனை செய்து அட்டைப்படி இடுவதே நல்லது. விலை சரிந்து, பறிகூலிக்கே கட்டாத நாளில், தேவையின்றிப் போட்ட ஒவ்வொரு மூட்டையும் நட்டம்தான்.

வாசகர் கேள்வி

கேள்வி: கோழிப்பண்ணை எரு பக்கத்திலேயே கிடைக்கிறது. அப்படியே போடலாமா?

பதில்: கூடாது. பச்சை எரு சூடு கிளப்பி வேரைக் கருக்கும். தென்னை நார்க்கழிவு அல்லது காய்ந்த சருகோடு கலந்து, ஈரம் காத்து, அவ்வப்போது கிளறிவிடுங்கள். சூடும் நாற்றமும் போன பிறகே வயலுக்கு எடுங்கள். இதில் தழைச்சத்து மாட்டு எருவைவிட அதிகம், யூரியாவைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: காயின் அடிப்பகுதி கறுத்து அழுகுகிறது. என்ன மருந்து அடிப்பது?

பதில்: இது பூஞ்சாண நோய் அல்ல, காய்க்குச் சுண்ணாம்புச் சத்துப் போய்ச் சேராததன் விளைவு. காயப்போட்டுப் பாய்ச்சுவதும் யூரியா மிஞ்சுவதும் இதற்குக் காரணம். சீராகத் தண்ணீர் விடுங்கள். லிட்டருக்கு 5 கிராம் கால்சியம் குளோரைடு கலந்து தெளிக்கலாம். கறுத்த காய் தேறாது, பறித்துவிடுங்கள். அடுத்து வரும் காய் தப்பும்.