காட்டு பங்களா நமக்கும் உண்டு

பங்களா என்றாலே நம்ம ஆளுங்களுக்கு துரை பங்களாதான் ஞாபகத்துக்கு வரும். கேட்டுக்கு வெளியே நின்று பார்த்த வீடு அது. ஆனால் நாலு குடும்பம் சேர்ந்து வாடகை கட்டி, இரண்டு இரவு தங்கிவிட்டு வரக்கூடிய அரசாங்க பங்களாக்களும் நாட்டில் இருக்கின்றன. மன்னார்ப் பக்கம் பயணம் போக நினைப்பவர்களுக்காக அதைப்பற்றி இங்கே எழுதுகிறோம்.

மன்னார் நமக்குப் புதிய ஊர் அல்ல. நம் பாட்டன் பூட்டன்மார் தோணியில் வந்து இறங்கிய கரை அது. அங்கிருந்து காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம். 1914இல் தலைமன்னாருக்கு ரயில் வந்தது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு, இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட நம் உறவுகள் கப்பல் ஏறியதும் அதே தலைமன்னாரில்தான். 2023இல், மலையக மக்களின் இருநூறு வருடத்தை நினைத்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபயணமும் நடந்தது.

ஆகவே திருக்கேதீஸ்வரம், மடு மாதா கோயில், தலைமன்னார் இறங்குதுறை என்று பார்க்கப் போகிறவர்கள் அதிகம். எங்கே தங்குவது என்பதுதான் கேள்வி. பஸ் பிடித்து நாற்பது பேர் போவதென்றால் கோயில் மடங்களிலும் மடுவின் யாத்திரிகர் விடுதிகளிலும் முன்கூட்டியே கேட்டு வைப்பதே நல்லது. எட்டுப் பத்துப் பேர் என்றால் வில்பத்துக் காட்டு பங்களாவையும் யோசிக்கலாம்.

மன்னார்க் கரைக்குத் தெற்கே, மோதரகம் ஆற்றுக்கும் கலா ஓயாவுக்கும் நடுவில் இருப்பது வில்பத்து. 1905இல் சரணாலயமாகவும் 1938இல் தேசிய பூங்காவாகவும் அறிவித்தார்கள். வில்லு என்பது மழைத் தண்ணீர் தேங்கும் இயற்கைக் குளம். அந்தக் குளக்கரைகளை அடுத்துத்தான் பங்களாக்கள் பல இருக்கின்றன. வெள்ளைக்காரன் காலத்தில் அதிகாரிகள் சுற்றுக்குப் போகையில் தங்கின சேர்க்கிட் பங்களா வழக்கத்தில் வந்தவை இவை. யுத்தத்தால் காடு பல வருடம் பூட்டிக் கிடந்தது. 2003இல் திறந்து, 2006இல் மறுபடி மூடி, 2010இல் திறந்தார்கள். சிதைந்த பங்களாக்களைத் திருத்தியும் கட்டினார்கள்.

இவற்றை வாடகைக்கு விடுவது வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம். தலைமைக் காரியாலயம் பத்தரமுல்லையில் இருக்கிறது. இணையம் வழியாகவும் பதியலாம். வீட்டில் படித்த பிள்ளைகள் இருந்தால் செய்து தருவார்கள். ஒருவர் பெயரில், அடையாள அட்டை இலக்கத்தோடு பதிய வேண்டும். பள்ளிக்கூட விடுமுறை நாட்கள் சீக்கிரம் நிரம்பிவிடும் என்பதால் முந்திக்கொள்ளுங்கள். கடிதம் எழுதுவதானால் தமிழிலேயே எழுதலாம். 1987இன் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழிதான், கூச்சம் வேண்டாம். "நான் பிடித்துத் தாறேன்" என்று வருகிற தரகர் கையில் மட்டும் காசைக் கொடுக்காதீர்கள். திணைக்களத்துக்கே கட்டி, பற்றுச்சீட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

செலவு பங்களா வாடகையோடு முடியாது. ஆள் ஒன்றுக்கு நுழைவுச் சீட்டு, சேவைக் கட்டணம், வாகனக் கட்டணம், வரி எல்லாம் சேரும். இலங்கையருக்கு நுழைவுச் சீட்டு வெளிநாட்டவரைவிட மிகக் குறைவு. கட்டணங்கள் மாறுவதால் பதியும் அன்றே மொத்தத் தொகையைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பயணச் செலவும் சேர்த்து மொத்தம் 60,000 ரூபாய் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பத்துப் பேருக்குத் தலைக்கு 6,000. ஆறு மாதம் சீட்டுப் போலச் சேர்த்தால் மாதம் 1,000. அட்வான்ஸ் எடுத்து, நகையை அடகு வைத்துப் போகிற பயணம் வேண்டாம்.

மன்னாரைப் பார்த்துவிட்டு மதவாச்சி, அநுராதபுரம், நொச்சியாகம வழியாக வந்தால் ஹுனுவில்கம வாசலில் நுழையலாம். உள்ளே மணல் பாதை. சாதாரண வேன் புதைந்துவிடும், ஜீப்தான் சரி. மாலை ஆறு மணிக்குள் பூங்கா ஓட்டம் முடிந்துவிடும். ஆகவே வெளிச்சத்திலேயே பங்களா போய்ச் சேருங்கள்.

அங்கே கடை கண்ணி கிடையாது. அரிசி, பருப்பு, கருவாடு, தேங்காய், தேயிலை, சீனி எல்லாம் கொண்டு போக வேண்டும். பங்களாவில் உள்ள பணியாளர் சமைத்துத் தருவார். வருடம் முழுக்கக் கொழுந்தும் பறித்து அடுப்பும் ஊதுகிற நம் பெண்களுக்கு அந்த இரண்டு நாளாவது ஓய்வு கிடைக்கட்டும். அங்கேயும் அவர்களையே அடுப்படிக்கு அனுப்பாதீர்கள். போர்வை, படுக்கை விரிப்பு, டோர்ச், நுளம்புச் சுருள், காய்ச்சல் மருந்து, குடிதண்ணீர் ஆகியவை அவசியம்.

சிறுத்தை, கரடி, யானை எல்லாம் உள்ள காடு அது. காட்டிய இடம் தவிர எங்கும் வாகனத்தை விட்டு இறங்கக்கூடாது. இருட்டிய பிறகு பிள்ளைகளை முற்றத்தில் விடாதீர்கள். பாட்டுப் பெட்டி, பட்டாசு, பொலித்தீன் வேண்டாம்.

நேரமிருந்தால், காட்டுக்குத் திரும்புமுன் மன்னாருக்குத் தெற்கே அரிப்பில் ஒரு பாழ் மாளிகையையும் பாருங்கள். முத்துக் குளிப்பைப் பார்வையிட ஆளுநர் பிரெடரிக் நோர்த் 1801–1804 காலத்தில் கட்டிய டொறிக் மாளிகை அது. கடல் கரையை அரித்ததில் இப்போது துண்டுச் சுவர்கள்தான் மிச்சம். ஓர் ஆளுக்காகக் கட்டிய மாளிகை மண்ணாகிறது. எல்லோரும் வாடகை கட்டிப் போகிற காட்டு பங்களா திருத்தம் கண்டு நிற்கிறது.

நம் முன்னோர் அந்தப் பக்கத்துக் காடுகளில் மரத்தடியில் படுத்து எழும்பி நடந்தார்கள். அவர்கள் பேரப்பிள்ளைகள் கூரையின் கீழ், முறைப்படி வாடகை கட்டித் தங்கி வரலாம். அது யாரும் தருகிற சலுகை அல்ல, நம் உரிமை. பதிவு செய்யத் தெரியாதவர்கள் உங்கள் தோட்ட நலன்புரி உத்தியோகத்தரிடம் கேளுங்கள். போகிறவர்களின் பெயர்ப் பட்டியலை முதலில் எழுதுங்கள். மற்றது தானாக வரும்.