பேற்றுக்கு முன் ஒரு பாடம்: மருத்துவமனைக்கு வெளியே பிரசவிப்போருக்கான வகுப்புகள்

அமெரிக்காவில் 1940-ஆம் ஆண்டு நிகழ்ந்த பிரசவங்களில் ஏறத்தாழ 44 விழுக்காடு மருத்துவமனைக்கு வெளியே, பெரும்பாலும் வீட்டிலேயே, நடந்தன. 1969-இல் அது ஒரு விழுக்காடாகச் சுருங்கிவிட்டது. ரத்தம் ஏற்றும் வசதியும் நுண்ணுயிர்க்கொல்லிகளும் பரவிய அந்தக் காலத்தில் தாய்மார் இறப்பு வெகுவாகக் குறைந்தது என்றாலும், பிரசவம் வீட்டைவிட்டுப் போனபோது அதோடு ஒட்டியிருந்த ஓர் அறிவும் சேர்ந்து போயிற்று. அக்காளுக்கோ அண்டை வீட்டுப் பெண்ணுக்கோ வலி கண்டபோது அருகிலிருந்து வெந்நீர் வைத்தும் முதுகு நீவிவிட்டும் பழகியிருந்த பெண்ணுக்குத் தன் முறை வரும்போது அது முற்றிலும் புதிய அனுபவமாக இருந்ததில்லை. அவளுடைய மகளோ ஒரு பிரசவத்தையும் கண்ணால் பார்க்காமலே பிரசவ அறைக்குள் நுழைந்தாள். பிரசவ ஆயத்த வகுப்பு என்னும் ஏற்பாடு இந்த வெற்றிடத்தை நிரப்பவே இருபதாம் நூற்றாண்டின் நடுவில் தோன்றியது. வீட்டுப் பிரசவம் மீண்டும் சிறு அளவில் தலையெடுத்து, 2021-இல் அந்நாட்டின் மொத்தப் பிரசவங்களில் 1.41 விழுக்காட்டை, அதாவது ஐம்பத்தோராயிரத்துக்கும் சற்று அதிகமான பிரசவங்களை, எட்டியிருக்கும் நிலையில், எந்த வகுப்பில் சேர்வது என்ற கேள்வி அந்தக் குடும்பங்களுக்குப் பெரிய கேள்வியாகவே இருக்கிறது.

மருத்துவமனைக்கு வெளியே பிரசவம் என்றால் இரண்டு வகை. தகுதி பெற்ற மருத்துவச்சி வீட்டுக்கே வந்து பிரசவம் பார்ப்பது ஒன்று. தனிக் கட்டடத்தில், மருத்துவச்சிகளின் பொறுப்பில் இயங்கும் பிரசவ மையத்துக்குச் சென்று பெற்றுக்கொள்வது மற்றொன்று. பின்னதற்கு நியூயார்க் நகரில் 1975-இல் தொடங்கப்பட்ட மையம் நாடெங்கும் முன்மாதிரியாயிற்று. இரண்டிலும் மயக்க மருந்து நிபுணர் கிடையாது, அறுவை அரங்கு கிடையாது. எனவே ஒற்றைக் கருவாகவும், தலை கீழ்நோக்கியதாகவும், மாதம் நிறைந்ததாகவும் இருந்து, தாய்க்கு உயர் ரத்த அழுத்தம் போன்ற சிக்கல்கள் இல்லாத பேறுகளே இவ்விடங்களுக்கு ஏற்றவை என்பது பொது விதி. இரட்டைக் கரு, தலை கீழே இல்லாத கரு, முன்பு சிசேரியன் செய்துகொண்ட தாய் ஆகிய மூன்று நிலைகளிலும் வீட்டுப் பிரசவம் கூடவே கூடாது என்று அமெரிக்க மகப்பேறு மருத்துவர்களின் கல்லூரி வரையறுத்திருக்கிறது.

மருத்துவமனைகளே நடத்தும் வகுப்புகள் இத்தகைய பெண்களுக்கு ஏன் போதாமல் போகின்றன என்பதை, அவற்றின் பாடத்திட்டத்தைப் பார்த்தாலே உணரலாம். வண்டியை எந்த வாசலில் நிறுத்துவது, எந்தப் படிவத்தில் கையெழுத்திடுவது, முதுகுத்தண்டின் அருகே மெல்லிய குழாய் செருகி இடுப்புக்குக் கீழ் மரத்துப்போகச் செய்யும் எபிடியூரல் மருந்தை எப்போது கேட்பது என்று, அங்கே நல்ல நோயாளியாக நடந்துகொள்ளும் முறையே பெரும்பகுதி நேரத்தை எடுத்துக்கொள்கிறது. இதைக் குறையென்று சொல்ல முடியாது. அங்கே பெற்றுக்கொள்ளப்போகிறவளுக்கு அது தேவைதான். எபிடியூரல் கிடைக்காத இடத்தில் பெற்றுக்கொள்ளப்போகிறவளுக்கோ பன்னிரண்டு மணி நேரமோ அதற்கு மேலுமோ நீளக்கூடிய வலியை உடலசைவாலும் மூச்சாலும் வெதுவெதுப்பான நீராலும் துணையிருப்பவரின் கைகளாலும் கடக்கும் பயிற்சி வேண்டும். வீட்டில் இருப்பவர்கள் ஆளுக்கொரு வேலை தெரிந்தவர்களாக இருக்கவும் வேண்டும். அரை மணி நேர விளக்கப்படத்தில் இது வந்துவிடாது.

சந்தையில் உள்ள வகுப்புகள் பெரும்பாலும் ஏதேனும் ஒரு 'முறை'யின் பெயரைச் சுமந்தே வருகின்றன. இவற்றின் மூதாதையாகக் கருதத்தக்கவர் கிராண்ட்லி டிக்-ரீட் என்னும் ஆங்கிலேய மருத்துவர். அச்சம் தசையை இறுக்குகிறது, இறுக்கம் வலியைக் கூட்டுகிறது, கூடிய வலி மேலும் அச்சத்தைத் தருகிறது என்ற சுழற்சியை விளக்கி, அச்சத்தைப் போக்கும் கல்வியே முதல் மருந்து என்று 1930-களிலேயே எழுதியவர் அவர். பிரான்சு நாட்டு மகப்பேறு மருத்துவர் ஃபெர்னான் லமாஸ் 1951-இல் சோவியத் நாட்டுக்குச் சென்று, ரஷ்ய அறிஞர் பாவ்லவின் பழக்க அனிச்சைக் கொள்கையை அடிப்படையாகக் கொண்டு அங்கு கையாளப்பட்ட பயிற்சியைக் கண்டு, அதைப் பாரிசுக்குக் கொண்டுவந்தார். அவரிடம் பேறு பார்த்துக்கொண்ட மார்ஜோரி கார்மெல் என்ற அமெரிக்கப் பெண் 1959-இல் எழுதிய நூலின் மூலம் அது கடல் கடந்தது. அடுத்த ஆண்டே பிரசவப் பயிற்சியாளர் எலிசபெத் பிங் முதலியோருடன் அமெரிக்காவில் ஒரு சங்கமும் உருவாயிற்று. வலி எடுக்கும்போது தாளக்கட்டோடு மூச்சுவிடும் காட்சி திரைப்படங்களால் உலகறிந்ததாகிவிட்டாலும், இன்றைய லமாஸ் அமைப்பு அந்த மூச்சுக் கணக்கை வற்புறுத்துவதில்லை. வலி தானாகத் தொடங்கட்டும், நடந்தும் நிலை மாறியும் இருங்கள், மல்லாந்து படுத்துப் பெறாதீர்கள், துணை ஒருவரை உடன் வைத்துக்கொள்ளுங்கள் என்பன போன்ற ஆறு நடைமுறைகளையே அது முன்வைக்கிறது.

டென்வர் நகர மகப்பேறு மருத்துவர் ராபர்ட் பிராட்லி 1965-இல் வெளியிட்ட நூலோ கணவனையே பயிற்சியாளனாக்கியது. பிரசவ அறையின் கதவுக்கு வெளியே ஆண்களை நிறுத்தி வைத்திருந்த காலத்தில் இது துணிச்சலான கருத்து. அவர் பெயரிலான வகுப்பு வாரம் ஒன்றாகப் பன்னிரண்டு வாரம் நீளும். உணவு, உடற்பயிற்சி, தளர்வுப் பயிற்சி, வலியின் ஒவ்வொரு கட்டத்திலும் துணைவர் செய்யவேண்டியது என்று எல்லாவற்றையும் விரிவாகக் கற்பிப்பதால், வீட்டுப் பிரசவத்தை நாடுவோர் பலர் இதையே தேர்ந்தெடுக்கிறார்கள். மேரி மாங்கன் 1989-இல் வகுத்த ஹிப்னோபர்த்திங், தன்னைத்தானே ஆழ்ந்த தளர்நிலைக்குக் கொண்டுசெல்லும் சுயவசியப் பயிற்சி. 'வலி' என்ற சொல்லையே தவிர்ப்பது அதன் வழக்கம். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. வீட்டுப் பிரசவக்காரர்கள் தங்கள் சொத்தாகக் கொண்டாடும் டிக்-ரீட், லமாஸ், பிராட்லி ஆகிய மூன்று பெயர்களும் ஆண் மருத்துவர்களுடையவை. அவர்களுள் லமாசும் பிராட்லியும் தங்கள் முறைகளை வளர்த்தெடுத்தது மருத்துவமனைக்குள்ளேயே.

எந்த முறை மேலானது என்று ஆராய்ச்சி உறுதியாகக் கூறியிருக்கிறதா என்றால், ஒவ்வொரு முறையின் விளம்பரமும் சொல்லுமளவுக்கு இல்லை. சுவீடனில் முதல் பிரசவத்துக்குக் காத்திருந்த 1,087 பெண்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மூச்சும் தளர்வும் சார்ந்த இயற்கைப் பிரசவப் பயிற்சியையும் மறுபிரிவுக்கு வழக்கமான வகுப்பையும் அளித்த ஓர் ஆய்வின் முடிவு 2009-இல் வெளியானது. இரு பிரிவிலும் எபிடியூரல் பெற்றவர்கள் சரியாக 52 விழுக்காடு. ஹிப்னாசிஸ் பயிற்சி குறித்த ஒன்பது ஆய்வுகளைத் தொகுத்த, காக்ரேன் என்னும் மருத்துவ ஆய்வுத் தொகுப்பு அமைப்பின் மதிப்பாய்வு, வலிநிவாரண மருந்துகளின் மொத்தப் பயன்பாடு ஓரளவு குறையலாம் என்றும், எபிடியூரல் பயன்பாட்டில் வேறுபாடு தென்படவில்லை என்றும் கண்டது. ஆனால் பிரசவம் முழுவதும் ஒருவர் விலகாமல் உடனிருப்பது பற்றிய 26 ஆய்வுகளின் தொகுப்பு இவற்றைவிடத் தெளிவாகப் பேசுகிறது: அப்படித் துணை பெற்றவர்களுக்கு வலிக்காலம் சற்றுக் குறைந்தது, சிசேரியனும் குறைந்தது. ஆகவே, துணையிருப்பவருக்கு எவ்வளவு பயிற்சி தருகிறது என்று பார்த்து ஒரு வகுப்பை எடைபோடுவது, அதன் பெயர்ப்பலகையைப் பார்த்து எடைபோடுவதைவிட அறிவார்ந்தது. மனைவியின் பக்கத்தில் அமர்ந்து தலையாட்டுவது மட்டுமே கணவனின் வேலையாக இருக்கும் வகுப்பால் வீட்டுப் பிரசவத்துக்குப் பயன் சொற்பமே.

இதையெல்லாம்விட முக்கியமான உரைகல் ஒன்று உண்டு. அது, தொடங்கிய பிரசவத்தை மருத்துவமனைக்கு மாற்ற நேர்வதைப் பற்றி அந்த வகுப்பு எவ்வளவு நேரம், எவ்வளவு ஒளிவுமறைவின்றிப் பேசுகிறது என்பது. இங்கிலாந்தில் சிக்கல் குறைந்த ஏறத்தாழ 64,000 பேறுகளைப் பின்தொடர்ந்து 2011-இல் வெளியான பெரிய ஆய்வில், வீட்டில் பெறத் திட்டமிட்ட தலைப்பிரசவப் பெண்களுள் 45 விழுக்காட்டினர், பிரசவத்தின்போதோ அதை ஒட்டியோ மருத்துவமனைக்கு மாற்றப்பட்டனர். முன்பே பிள்ளை பெற்றவர்களிடையே அது 12 விழுக்காடுதான். குழந்தைக்கு நேரும் கடுமையான தீங்குகளை ஒன்றாகக் கூட்டிக் கணக்கிட்டபோதும் இதே வேற்றுமை தெரிந்தது. மறுபேறு காண்பவர்களுக்கு இடத்தால் வேறுபாடு காணப்படவில்லை. தலைப்பிரசவத்திலோ மருத்துவமனையில் ஆயிரத்துக்கு 5.3 ஆக இருந்தது வீட்டில் 9.3 ஆயிற்று. அமெரிக்காவில் மருத்துவச்சியும் மருத்துவமனையும் இங்கிலாந்தைப்போல ஒரே அமைப்புக்குள் இணைந்திருப்பதில்லை. வீட்டுப் பிரசவத்தில் குழந்தை இறப்பு மருத்துவமனையைப்போல இரு மடங்குக்கு மேல் இருப்பதாகவும், எண்ணிக்கையில் அது ஆயிரத்துக்கு ஒன்று அல்லது இரண்டு என்றும் அந்நாட்டு மருத்துவர் கல்லூரி 2017-இல் குறிப்பிட்டது. 'இரு மடங்கு' என்பதை மட்டும் சொன்னால் அச்சுறுத்தலாகும், 'ஆயிரத்துக்கு ஒன்றிரண்டு' என்பதை மட்டும் சொன்னால் ஆறுதலாகும். இரண்டையும் சேர்த்தே சொல்லும் ஆசிரியரை நம்பலாம்.

மாற்றங்களில் பெரும்பாலானவை ஆம்புலன்ஸ் அலறும் அவசரங்கள் அல்ல என்பதையும் நல்ல வகுப்பு எடுத்துரைக்கும். கருப்பை வாய் விரிவது தேங்கிப்போதல், தாய் களைத்துப்போதல், எபிடியூரல் வேண்டுமெனக் கேட்டல் ஆகிய காரணங்களே முன்னிற்கின்றன. தலைப்பிரசவங்களில் மாற்றம் மிகுவதும் இதனால்தான். நேரம் கொடாத அவசரங்கள் வேறு: பேற்றுக்குப் பின் நிற்காத உதிரப்போக்கு, பிறந்தும் மூச்செடுக்காத குழந்தை, தலைக்கு முன் தொப்புள்கொடி நழுவி வருதல். இவற்றில் மருத்துவச்சி செய்வதென்ன, அவருடைய பையில் கருப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்சிடோசின் ஊசியும் குழந்தைக்கு மூச்சூட்டும் பையும் இருக்கின்றனவா, தொலைபேசியை எடுப்பவர் யார், மருத்துவமனை எத்தனை நிமிடத் தொலைவில் உள்ளது, பனி கொட்டும் இரவில் அது எத்தனை நிமிடமாகும் என்றெல்லாம் ஒத்திகை பார்க்கும் வகுப்புகளும் இருக்கின்றன. 'எதிர்மறையாக நினைக்க வேண்டாம்' என்று இவற்றை ஒதுக்கிவிடும் வகுப்புகளும் இருக்கின்றன. பின்னவை தம் மாணவியருக்கு இழைக்கும் தீங்கு இரட்டிப்பானது: ஆயத்தமில்லாமல் அனுப்புவதோடு, மாற்றப்பட்ட பெண்ணைத் தான் தோற்றுவிட்டதாக எண்ணி மருகவும் வைக்கின்றன. முந்தைய மாணவியருள் மருத்துவமனைக்குப் போக நேர்ந்த ஒருவரிடம் பேச முடியுமா என்று சேருமுன் ஆசிரியரைக் கேட்பது, எந்தச் சான்றிதழையும்விட அதிகம் உணர்த்தும்.

வகுப்பு மருத்துவச்சிக்கு மாற்றாகாது. செவிலியர் படிப்போடு பட்டமேற்படிப்பும் முடித்த செவிலிய மருத்துவச்சிகள், மருத்துவமனைக்கு வெளியே பேறு பார்ப்பதிலேயே பயிற்சியும் தேர்வும் பெற்ற தொழில்முறை மருத்துவச்சிகள் என அமெரிக்காவில் இரு முதன்மைப் பிரிவினர் உண்டு. பின்னவர்களுக்கு உரிமம் வழங்குவதில் மாநிலங்களிடையே ஒரே சட்டம் இல்லை என்பதால், வகுப்பில் சேருமுன் இதை விசாரித்தறிவது நல்லது. தகுதியுள்ளவர் எவருமின்றிப் பெற்றுக்கொள்வதை ஊக்குவிக்கும் வகுப்பு வேறு சாதியைச் சேர்ந்தது. அதன் விளைவைத் தமிழ்நாடும் கண்டிருக்கிறது: 2018-இல் திருப்பூரில் இணையக் காணொளிகளைத் துணையாகக் கொண்டு வீட்டிலேயே பிரசவிக்க முயன்ற ஓர் இளம்பெண் உதிரப்போக்கால் உயிரிழந்தார், அடுத்த சில நாட்களில், வீட்டுப் பிரசவத்துக்கான ஒருநாள் பயிற்சி முகாம் என்று கோயம்புத்தூரில் விளம்பரம் செய்தவர் கைதானார். ஏறத்தாழ எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனையிலேயே நடந்து, அவற்றில் 45 விழுக்காட்டை ஒட்டி சிசேரியனாக இருக்கும் மாநிலத்தில், அத்தகைய முகாமுக்குச் செவிசாய்ப்போர் இருந்ததில் வியப்பில்லை. ஆனால் அவர்களுக்கு அங்கே கிடைக்கவிருந்தது ஒரு நாள் பேச்சு. கைதேர்ந்த மருத்துவச்சி அல்ல.

வகுப்பைத் தேடத் தொடங்க நான்காம் ஐந்தாம் மாதம் ஏற்ற காலம். பன்னிரண்டு வாரப் பாடத்தை எட்டாம் மாதத்தில் தொடங்கினால் முடிவதற்குள் பிள்ளை பிறந்துவிடலாம். எட்டுப் பத்துத் தம்பதியருக்கு மேற்பட்ட கூட்டத்தில் உடற்பயிற்சிகளை ஒவ்வொருவரிடமும் சரிபார்க்க ஆசிரியருக்கு நேரம் இராது. மருத்துவச்சியே வகுப்பும் நடத்துவதாக இருந்தால் பாடமும் நடைமுறையும் ஒன்றாக அமையும். வேறொருவர் நடத்தினால், வகுப்பில் கற்றதை மருத்துவச்சியிடம் ஒப்பிட்டுக் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கும்.

பல வகுப்புகள் குழந்தையின் முதல் அழுகையோடு முடிந்துவிடுகின்றன. மருத்துவமனையில் பெற்றவளுக்கு அதற்குப் பிந்தையவற்றைச் செவிலியர் பார்த்துக்கொள்வார். வீட்டில் மருத்துவச்சி சில மணி நேரத்தில் கிளம்பி, அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோதான் திரும்பிவருவார். நெதர்லாந்தில் பேறு முடிந்த வீட்டுக்கு ஏறத்தாழ ஒரு வாரம் பராமரிப்புப் பணியாளர் நாள்தோறும் வரும் ஏற்பாடு நெடுங்காலமாக உண்டு. அமெரிக்காவில் அப்படிப் பொதுவான ஏற்பாடு ஏதுமில்லை. ஆகவே துணியை எவ்வளவு நேரத்துக்கொரு முறை மாற்ற நேர்ந்தால் உதிரம் அளவுக்கு மீறிப் போகிறது என்று கொள்வது, மூன்றாம் நான்காம் நாளில் குழந்தையின் மஞ்சள் நிறம் எதுவரை இயல்பு, வைட்டமின் கே ஊசியும் குதிகாலில் துளி ரத்தம் எடுத்துச் செய்யும் சோதனையும் செவித்திறன் சோதனையும் எங்கே செய்துகொள்வது, பிறப்பைப் பதிவு செய்ய எந்தெந்தத் தாள்களோடு எந்த அலுவலகத்துக்குப் போவது என்பனவும் வீட்டில் பெறுவோருக்கான பாடத்திட்டத்தில் இடம்பெற வேண்டியவை.