தெரியுமா? ஒரு எண் போதும், விமானி கிடைத்துவிடுவார்!

இரண்டாம் உலகப் போரில் காணாமல் போன சண்டை விமானம் ஒன்று ஐம்பது, அறுபது வருடம் கழித்துக் கிடைக்கிறது. அதை ஓட்டியவர் யாரென்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் தெரியுமா? வாலில் பெயின்ட் அடித்த எண்ணை வெயிலும் உப்புத் தண்ணீரும் எப்போதோ தின்றிருக்கும். ஆனால் தொழிற்சாலையில் உலோகத்தின் மேல் அடித்த எண் அவ்வளவு சீக்கிரம் அழியாது! எஞ்சின் பாகத்திலோ ஒரு சின்னத் தகட்டிலோ ஒளிந்திருக்கும். அதை வைத்து அது எந்த விமானம் என்று பிடித்துவிட்டால், அடுத்து படைப்பிரிவின் தினசரிப் பதிவேடு. பிரிட்டிஷ் விமானப்படையின் பதிவேடுகள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இன்றும் பத்திரமாக இருக்கின்றன. விமானத்தின் எண், விமானியின் பெயர், கிளம்பிய நேரம், இறங்கிய நேரம் என்று வரிசையாக எழுதியிருப்பார்கள். திரும்பி வராதவருக்கு மட்டும் இறங்கிய நேரம் இருக்காது. அந்த ஒரு வெற்றிடத்தை நினைத்தாலே மனசு கனத்துப்போகிறது.

‘குட்டி இளவரசன்’ படித்திருக்கிறீர்களா? அதை எழுதிய பிரெஞ்சு எழுத்தாளர் செந்த்-எக்சுபெரி ஒரு விமானி என்பது பலருக்கும் தெரியும். அவர் விமானம் கிடைத்த கதை தெரியுமா? 1944 ஜூலை 31 அன்று கார்சிகா தீவிலிருந்து லைட்னிங் விமானத்தில் ஒற்றை ஆளாகக் கிளம்பினார். வயது 44. சண்டை விமானம்தான், ஆனால் துப்பாக்கிகளை எடுத்துவிட்டுக் கேமராக்களைப் பொருத்திய உளவு ரகம். போனவர் போனவர்தான். எங்கே விழுந்தார் என்று ஐம்பது வருடத்துக்கு மேல் யாருக்கும் தெரியவில்லை!

1998 செப்டம்பரில், மார்செய் நகரத்துக்குப் பக்கத்துக் கடலில் ஒரு மீனவரின் வலையில் கறுத்துப்போன கட்டி ஒன்று வந்தது. தேய்த்துப் பார்த்தால் வெள்ளிக் கைச்சங்கிலி! அதில் செந்த்-எக்சுபெரியின் பெயர், மனைவி கான்சுவேலோவின் பெயர், கூடவே அவருடைய நியூயார்க் பதிப்பாளரின் முகவரி! புத்தகம் போட்டவரின் விலாசத்தைக் கையில் கட்டிக்கொண்டு போருக்குப் போன எழுத்தாளர் வேறு யாராவது உண்டா? பாவம், அந்த மீனவரைத்தான் சந்தேகப்பட்டார்கள். போலி என்றார்கள். பிறகு 2000-ல் ஒரு முக்குளிப்பவர் அதே பகுதியில், ரியூ தீவுக்கு அருகே, கடலடியில் சிதறிக் கிடந்த விமானத்தைப் பார்த்தார். 2003-ல் துண்டுகளை மேலே கொண்டுவந்து கழுவியபோது ஒரு பாகத்தில் தெரிந்தது: 2734, பக்கத்தில் எல் என்ற எழுத்து. லாக்ஹீட் தொழிற்சாலை அவருடைய விமானத்துக்குக் கொடுத்த அதே எண்! 2004 ஏப்ரலில் சந்தேகம் தீர்ந்தது. மீனவர் சொன்னது அத்தனையும் நிஜம்.

கடல் மட்டுமா? பனியும் விமானத்தை விழுங்கும்! 1942 ஜூலையில் ஆறு லைட்னிங், இரண்டு குண்டுவீச்சு விமானங்கள் வானிலை கெட்டு கிரீன்லாந்தின் பனிப்பரப்பில் இறங்கின. 25 பேரும் உயிரோடு மீட்கப்பட்டார்கள். பின்னாளில் தேடிப் போனவர்கள், பனியில் வால் மட்டுமாவது நீட்டிக்கொண்டிருக்கும் என்று நம்பினார்கள். விமானங்கள் இருந்ததோ 268 அடி ஆழத்தில்! வெந்நீர்ச் சூட்டில் பனியை உருக்கிக் கிணறுபோல இறங்கி, 1992-ல் ஒன்றைத் துண்டு துண்டாக மேலே ஏற்றினார்கள். பத்து வருடம் உட்கார்ந்து சேர்த்தார்கள். 2002 அக்டோபரில் அது பறந்தது!

சரி, நம்ம மெட்ராஸ் பெயரில் சண்டை விமானப் பிரிவுகள் இருந்தன, தெரியுமா? பிரிட்டிஷ் விமானப்படையின் 79, 234, 264 ஆகிய மூன்று பிரிவுகளுக்கும் ‘மெட்ராஸ் பிரசிடென்சி’ என்றே பெயர். இங்கிருந்து போன நன்கொடைக்காகச் சூட்டிய பெயர் அது. இதில் 264-ன் டிஃபையன்ட் விமானம் விசித்திரமானது. ஓட்டுபவருக்கு முன்பக்கம் சுடத் துப்பாக்கியே கிடையாது. பின்னால் சுழலும் கூண்டில் இன்னொருவர், அவர் கையில் நான்கு துப்பாக்கிகள்! 1940 மே 29 அன்று, டன்கர்க் வானத்தில் ஒரே நாளில் 37 விமானங்களை வீழ்த்தியதாக இந்தப் பிரிவு கணக்குக் கொடுத்தது. ஜெர்மன் இழப்புப் பட்டியலோடு வைத்துப் பார்த்தால் அந்த எண் வெகுவாக இறங்கிவிடுகிறது. யாரும் பொய் சொல்லவில்லை. விழுகிற ஒரே விமானத்தை நான்கு பேர் சுட்டால், நான்கு பேரும் தாங்கள்தான் வீழ்த்தினோம் என்று நம்புவார்கள். இரண்டு பக்கத்துக் காகிதத்தையும் படிக்காமல் இந்த ஆராய்ச்சியில் ஒரு வரிகூட எழுத முடியாது!

விமானம் கிடைத்தும் ஆள் கிடைக்காத கதையும் உண்டு. 1942 ஜூன் 28 அன்று எகிப்துப் பாலைவனத்தில் வழி தவறினார் விமானி டென்னிஸ் காப்பிங். 24 வயது. அவருடைய கிட்டிஹாக் விமானம் 2012-ல்தான் கண்ணில் பட்டது. 70 வருட வெயிலிலும் இறக்கையோடு அப்படியே மணலில் கிடந்தது! பக்கத்தில் பாராசூட் துணி. நிழலுக்காகப் பிடித்திருப்பார் என்று நினைக்கிறார்கள். அந்தத் துணியின் கீழே எத்தனை நாள் உட்கார்ந்திருந்தாரோ அந்தப் பிள்ளை!

எதிரியையே தேடிக் கண்டுபிடித்தவரும் இருக்கிறார் தெரியுமா? 1943 டிசம்பர் 20. அமெரிக்கர் சார்லி பிரவுனின் குண்டுவீச்சு விமானம் பிரெமன் நகரைத் தாக்கிவிட்டு, உடம்பெல்லாம் ஓட்டையாகத் தள்ளாடித் திரும்பிக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே வந்து சேர்ந்தது ஒரு ஜெர்மன் மெசர்ஷ்மிட். அதை ஓட்டியவர் ஃபிரான்ஸ் ஸ்டிக்லர். ஓட்டை வழியே உள்ளே பார்த்தார். அடிபட்டவர்களுக்கு மற்றவர்கள் கட்டுப்போட்டுக்கொண்டிருந்தார்கள். சுடவில்லை! கடல்வரை துணைக்கு வந்து, சல்யூட் அடித்துவிட்டுத் திரும்பினார். வெளியே தெரிந்தால் ராணுவ நீதிமன்றம் என்பதால் மூச்சே விடவில்லை. நாற்பது வருடத்துக்குப் பிறகு பிரவுன் தேடத் தொடங்கினார். பழைய விமானிகளின் செய்தி மடலில் விவரம் கொடுத்தார். 1990-ல் கனடாவிலிருந்து கடிதம் வந்தது, ஸ்டிக்லரிடமிருந்து! அன்று முதல் இருவரும் அண்ணன் தம்பியாகவே இருந்தார்கள். 2008 மார்ச்சில் ஸ்டிக்லர் இறந்தார். அதே வருடம் நவம்பரில் பிரவுனும் போய்விட்டார்.