உங்க ஆர்எக்ஸ் இன்னும் 100 சிசி தானா?

இன்னைக்கு எபிசோடு கொஞ்சம் கிரீஸ் கையோட.

கிழக்குத் தாம்பரத்துல இருந்து ஒரு நண்பர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். பழைய யமஹா ஆர்எக்ஸ் 100 வாங்கி ரெண்டு வருஷமா செட் பண்ணிட்டு இருக்கார். ஜிஎஸ்டி ரோட்டுல முறுக்க இஷ்டம் இல்ல. இருங்காட்டுக்கோட்டை டிராக்ல நடக்கிற டிராக் ரேஸ்ல ஒரு தடவையாவது ஓட்டணும். (தமிழ்ல எழுதினா ரெண்டு டிராக்கும் ஒண்ணாத்தான் தெரியும். ரெண்டாவது, நேர்க்கோட்டுல ஓடுற ரேஸ்.) அவரோட கேள்வி: "வண்டியில இருக்கிற பார்ட்ஸ் எல்லாம் கிளாஸுக்குள்ள வருதான்னு நானே எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

நல்ல கேள்வி. ஏன்னா இதுல மாட்டுறவங்க எல்லாரும் ஏமாத்துறவங்க இல்ல. பாதிப் பேருக்குத் தன் வண்டிக்குள்ள என்ன இருக்குன்னே தெரியாது.

கிளாஸ்னா என்ன? சென்னையில ரேஸ் நடத்துறது மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப். முன்னாடி சோழவரம் பழைய விமான ஓடுதளத்துல, இப்போ இருங்காட்டுக்கோட்டையில. எத்தனை சிசி, டூ ஸ்ட்ரோக்கா ஃபோர் ஸ்ட்ரோக்கா, என்னென்ன மாத்தலாம்னு பிரிச்சுத்தான் வண்டிகளை ஓட விடுவாங்க. அதைச் சரிபார்க்கிற வேலைக்குப் பேரு ஸ்க்ரூட்டினி. ரேஸுக்கு முன்னாடி வெளிய பாப்பாங்க. முடிஞ்சப்புறம் வேணும்னா என்ஜினைத் திறப்பாங்க. அதாவது, நீங்க நல்லா ஓட்டி முன்னாடி வந்தாதான் பிரச்சனையே ஆரம்பிக்கும்.

இப்போ கணக்கு. ஆர்எக்ஸ் 100-ல போர் 50 மி.மீ., ஸ்ட்ரோக் 50 மி.மீ. கணக்குப் போட்டா 98 சிசி. இந்த வண்டி 1985-ல வந்து 1996-ல நின்னுபோச்சு. இன்னைக்கு நீங்க வாங்குற எந்த ஆர்எக்ஸ்-உம் ஒரு தடவையாவது ரீபோர் ஆகாம இருந்தா அது அதிசயம்தான். ரீபோர் பண்ணும்போது லேத்காரர் கால் மி.மீ., அரை மி.மீ.ன்னு ஏத்திக்கிட்டே போவார். முதல் ரீபோர்ல போர் 50.25, சிசி 99.2. ரெண்டாவதுல 50.5, சிசி 100.1.

கவனிச்சீங்களா? 100 சிசி வரைக்கும்னு ஒரு கிளாஸ் இருந்தா, ரெண்டாவது ரீபோர்லயே வண்டி வெளிய. யாரும் திருட்டு வேலை பண்ணல, பழைய பிஸ்டன் தேய்ஞ்சுது, அவ்வளவுதான். ஒரு மி.மீ. வரைக்கும் போனா 102 சிசி. சில ரூல்புக்ல ரீபோருக்குன்னு தனி சலுகை இருக்கும், சிலதுல இருக்காது. அந்த வருஷத்து ரூல்புக்கைப் பாக்காம பிஸ்டன் வாங்காதீங்க.

அடுத்தது ஆர்எக்ஸ் 135. அதுக்கும் ஸ்ட்ரோக் அதே 50 மி.மீ.தான். போர் மட்டும் 58. அதனால பிளக் ஓட்டை வழியா ஸ்ட்ரோக்கை அளந்து "ஸ்டாக் தான் அண்ணே"ன்னு யாராவது சொன்னா அதுக்கு அர்த்தமே கிடையாது. ஹெட்டைக் கழட்டி, போர் கேஜ் விட்டு, மேல நடுவுல கீழன்னு மூணு இடத்துல, ரெண்டு திசையில அளக்கணும். தாம்பரத்துல ரீபோர் பண்ற எந்த லேத் பட்டறையிலயும் இதைச் செய்வாங்க. அளவை ஒரு பேப்பர்ல தேதியோட எழுதி வாங்கிக்கோங்க.

சரி, பார்ட் நம்பருக்கு வருவோம். யமஹா நம்பர் மூணு துண்டா இருக்கும். முதல் துண்டு மாடல் கோடு. நடுவுல இருக்கிற அஞ்சு இலக்கம் அது என்ன பார்ட்னு சொல்லும். 11631-னா ஸ்டாண்டர்ட் பிஸ்டன், 11635 கால் மி.மீ. ஓவர்சைஸ், 11636 அரை மி.மீ. ஓவர்சைஸ். கடைசித் துண்டு அந்த பார்ட் எத்தனை தடவை திருத்தப்பட்டதுன்னு. யமஹா போட் மோட்டார்லயும் இதே முறைதான். அங்க மாடல் கோடு வழக்கமா 6-ல ஆரம்பிக்கும். நடுத் துண்டு 11631-னா அங்கயும் பிஸ்டன்தான்.

இங்கதான் நிறையப் பேர் தப்பு பண்றாங்க. பார்ட்ல இருக்கிற மாடல் கோடு வேற வண்டியோடதா இருந்தா உடனே டூப்ளிகேட்டுன்னு முடிவு கட்டிடுறாங்க. ஒரு பார்ட்டை முதல்ல எந்த மாடலுக்குச் செஞ்சாங்களோ அந்தக் கோடு அதோடயே வரும். பின்னாடி அஞ்சு மாடல்ல அதையே போட்டாலும் நம்பர் மாறாது. அது பிறந்த ஊரைத்தான் சொல்லும், இப்போ எங்க இருக்கலாம்னு சொல்லாது. அதைச் சொல்றது உங்க வண்டியோட பார்ட்ஸ் கேட்டலாக். நம்பர் அதுல இருந்தா கம்பெனி போட்டதுன்னு காட்டலாம், இல்லன்னா ஸ்டாக் கிளாஸ்ல வாதாட முடியாது.

நம்பர் சரியா இருந்தாலும் உள்ள கை வெச்சிருக்கலாம். எக்ஸாஸ்ட் போர்ட்டுக்குள்ள டார்ச் அடிச்சுப் பாருங்க. கம்பெனி வார்ப்போட சொரசொரப்பு இருக்கணும். கண்ணாடி மாதிரி வழவழன்னு இருந்தா யாரோ பாலிஷ் போட்டிருக்காங்க. ஆனா போர்ட் விளிம்புல மட்டும் அரம் பட்ட தடம் இருந்தா பதறாதீங்க. ரீபோருக்கு அப்புறம் விளிம்பை லேசா மழுக்கியே ஆகணும், இல்லன்னா ரிங் மாட்டி உடைஞ்சுடும். விளிம்புல இருந்தா ரிப்பேர். உள்ள ஆழமா இருந்தா டியூனிங்.

பிளாக் வாங்க எழும்பூர்ல இறங்கி புதுப்பேட்டைக்கு நடக்கிறவங்களுக்கு: வெர்னியரைப் பையில போட்டுக்கிட்டுப் போங்க. நம்பரைத் தேய்ச்சு எடுத்த பிளாக் பாதி விலைக்குக் கிடைச்சாலும் விட்டுடுங்க. ரோட்டுக்கு அது போதும், ஸ்க்ரூட்டினி டேபிள்ல உங்களுக்காகப் பேச அதுகிட்ட எதுவும் இல்ல.

தாம்பரம் நண்பரே, ஹெட்டைக் கழட்டி அளந்ததும் நம்பரை அனுப்புங்க. 50.5-க்கு மேல இருந்தா, எந்த கிளாஸ்ல பேரு கொடுக்கிறதுன்னு ஃபார்ம் நிரப்புறதுக்கு முன்னாடி பேசுவோம்.