கரிசலில் கடைக்கால் போடுமுன்

சித்திரை வெயிலில் விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் காட்டில் நடந்தால், வெடிப்புக்குள் கை முழங்கை வரை இறங்கும். ஐப்பசியில் நாலு மழை விழுந்துவிட்டால் வெடிப்பெல்லாம் மூடிக்கொண்டு அதே மண் செருப்பைப் பிடுங்கும். பருத்திக்கு இதைவிட நல்ல மண் கிடையாது. ஆனால் கடன் வாங்கிக் கட்டிய வீட்டில் ஜன்னல் மூலையிலிருந்து விரிசல் கிளம்புவதும், மழைக்காலத்தில் கதவு நிலையோடு சிக்கிக்கொள்வதும் இதே மண்ணால்தான். "கம்பியைக் கூட்டிப் போட்டிருக்கலாம்" என்று மேஸ்திரியைத் திட்டுவார்கள். கம்பியை எவ்வளவு கூட்டினாலும் அடியில் இருக்கும் மண் மாறிவிடாது.

கரிசலில் மாண்ட்மோரில்லோனைட் என்ற களிமண் கனிமம் அதிகம். மெல்லிய தகடுகளாக அடுக்கியிருக்கும் அதனிடையே தண்ணீர் புகுந்தால் தகடுகள் விலகி மண் உப்பும், காய்ந்தால் சுருங்கும். வீட்டின் நடுப்பகுதிக்குக் கீழே ஈரம் ஓரளவு நிலையாக இருக்கும். சுவரோரத்து மண்தான் மழைக்கு உப்பி வெயிலுக்கு வற்றும். வீட்டின் ஒரு பக்கம் நின்ற இடத்தில் நிற்க, இன்னொரு பக்கம் ஏறி இறங்கினால் சுவர் என்ன செய்யும்? பலர் நம்ப மறுக்கும் ஒன்றும் உண்டு. பாரம் குறைந்த கட்டடம்தான் அதிகம் அடிபடும். மண் உப்பும்போது மேல்நோக்கித் தள்ளும் அழுத்தம், ஒற்றைத் தள வீட்டின் பாரத்தையே மிஞ்சிவிடக்கூடும். காம்பவுண்டுச் சுவரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

எவ்வளவு உப்பும் என்று அறிய பெரிய கருவி எதுவும் வேண்டாம். காயவைத்துச் சலித்த மண்ணைப் பத்துப் பத்து கிராமாக இரண்டு அளவுக் குடுவைகளில் போட்டு, ஒன்றில் தண்ணீரும் மற்றதில் மண்ணெண்ணெயும் ஊற்றுவார்கள். மண்ணெண்ணெயில் களிமண் உப்பாது. 24 மணி நேரம் கழித்து இரண்டிலும் மண் எந்த அளவில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். தண்ணீரில் இருப்பது 50 சதவீதத்துக்கு மேல் கூடியிருந்தால் உஷாராகிவிட வேண்டும். நூறைத் தாண்டும் கரிசலும் உண்டு. தரைக்கு டைல்ஸ் தேர்ந்தெடுக்க நாலு கடை ஏறி இறங்குகிறவர்கள் இந்த ஒரு நாள் சோதனைக்குப் பொறுப்பதில்லை.

சாலைப் பொறியாளர்களுக்குக் கரிசலோடு பழக்கம் அதிகம். நாலு நாள் ஊறவைத்துத் தாங்குதிறன் பார்க்கும் சி.பி.ஆர். சோதனையில், நல்ல உடைகல்லுக்கு 100 என்றால் கரிசலுக்குப் பெரும்பாலும் இரண்டோ மூன்றோதான். அதைத் தேற்ற அவர்கள் எடுப்பது சுண்ணாம்பு. மண்ணின் எடையில் நூற்றுக்கு 3 முதல் 8 பங்கு வரை கலப்பார்கள். சுண்ணாம்பின் கால்சியம், களிமண்ணில் ஒட்டியிருக்கும் சோடியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். சில மணி நேரத்திலேயே பிசுபிசுப்புப் போய் மண் பொலபொலவென்று உதிரும். அடுத்தது நிதானமாக நடக்கும் வேலை. சுண்ணாம்பின் காரத்தில் களிமண்ணின் சிலிக்காவும் அலுமினாவும் கரைந்து கால்சியத்தோடு சேர, சிமென்டில் உண்டாகும் அதே வகைப் பிணைப்பு உண்டாகிறது. மாதக்கணக்கில் மண் இறுகிக்கொண்டே போகும்.

கெட்டுப்போகவும் இதில் இடம் நிறைய. கட்டிகளைப் பொடிக்காமல் சுண்ணாம்பை மேலாகத் தூவி ரோலரை விட்டால், கட்டிக்குள் பழைய கரிசல் அப்படியே இருக்கும். திறந்து கிடந்த மூட்டைச் சுண்ணாம்பு, காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கி வீரியம் இழந்திருக்கும். மண்ணில் ஜிப்சம் இருந்தாலோ சுண்ணாம்பே வினையாகிவிடும்: சல்பேட்டோடு சேர்ந்து எட்ரிஞ்சைட் என்ற படிகம் வளர்ந்து, மண் முன்னைவிட அதிகமாக உப்பும். அமெரிக்காவின் லாஸ் வேகாஸில் ஸ்டூவர்ட் அவென்யூ என்ற சாலை 1970களில் இப்படித்தான் மேடு தட்டிக் கிளம்பியது. திருச்சி, அரியலூர் வட்டாரத்தில் ஜிப்சம் கிடைக்கிறது. அங்கெல்லாம் சல்பேட் சோதனை இல்லாமல் சுண்ணாம்பைத் தொடக்கூடாது.

வீட்டுக்கு, கரிசலைத் திருத்துவதைவிட அதைத் தாண்டிப் போவதே மேல் என்பேன். ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 1950களில் உருவாக்கிய 'அண்டர் ரீம்' பைல் அதற்கானது. ஈரம் கூடிக் குறையும் மேலடுக்குக்குக் கீழே, மூன்றரை மீட்டருக்குக் குறையாமல் துளையிட்டு, அடிப்பக்கம் துளையின் விட்டத்தைப்போல் இரண்டரை மடங்கு அகலமாகக் குடைந்து கான்கிரீட் நிரப்புவார்கள். மேல்மண் உப்பித் தூக்கப் பார்த்தாலும் அடியிலுள்ள குமிழ் விட்டுக்கொடுக்காது. இந்தப் பைல்களை இணைக்கும் பீமுக்கும் தரைக்கும் நடுவே 8 செ.மீ. இடைவெளி விட வேண்டும். ஏதோ வேலை பாக்கி என்று நினைத்து அதில் மண்ணை அடைத்துவிட்டால், உப்பும் மண் பீமை முட்டும். பைலுக்குக் கொட்டிய காசு வீண்.

கரிசலைத் தோண்டி எடுத்து மணல் நிரப்புவது நம்மூர் வைத்தியம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. மணல் குழி மழைத்தண்ணீரைத் தேக்கிச் சுற்றியுள்ள கரிசலுக்கே ஊட்டும். உப்பாத, ஆனால் ஒட்டும் தன்மையுள்ள மண்ணைக் கனமாகப் பரப்பி இறுக்கலாம் என்று காட்டியவர் பம்பாய் ஐ.ஐ.டி. பேராசிரியர் ஆர்.கே. கட்டி. கர்நாடகத்தின் மலப்பிரபா கால்வாய்களில் அந்த முறை கைகொடுத்தது.

சாலை வேலையில் இன்னொரு வழியும் உண்டு. மண்ணுக்குள் பட்டைகளைப் புதைத்துப் பலப்படுத்தும் முறையை 1960களில் நவீனப் பொறியியலாக்கியவர் பிரெஞ்சுக்காரர் ஆன்றி விடால். மேம்பாலத்துக்கு ஏறும் சாலையின் இருபுறமும் செங்குத்தாக நிற்கும் சிமென்ட் பலகைச் சுவர்கள் பலவற்றின் பின்னால், அடுக்கடுக்காகக் கிடக்கும் உலோகப் பட்டைகளும் பாலிமர் வலைகளும்தான் மண்ணைப் பிடித்திருக்கின்றன. கிராமச் சாலைக்குத் தென்னை நார் விரிப்பே போதும். பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் 2020இல் ஏழு மாநிலங்களில் 1,674 கி.மீ. சாலைக்கு இதைப் பயன்படுத்த முடிவானது. அதில் தமிழ்நாட்டின் பங்கு 369 கி.மீ. நார் சில ஆண்டுகளில் மக்கிவிடுமே என்பார்கள். மக்கட்டும். ஜல்லி சேற்றில் புதையாமல் தடுத்து, கீழ்மண் இறுகும்வரை தாங்கினால் அதன் வேலை முடிந்தது.

கரிசல் பூமியில் மனை வாங்கியிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: வானம் தோண்டும் முன் மண்ணைச் சோதனைக்குக் கொடுங்கள், சிவில் துறை உள்ள பொறியியல் கல்லூரிகள் பலவற்றில் செய்து தருவார்கள். வீடு முடிந்ததும் சுவரைச் சுற்றிச் சிமென்ட் தளம் போட்டு, கூரைத் தண்ணீரைத் தள்ளி விடுங்கள். சுவரோரம் வேப்பங்கன்று வைக்காதீர்கள்.